மூக்கில் ஒரு குடித்தனம்

தரகரம்மா தன் வாழ்நாளில் எத்தனையோ பேரைக் குடிவைத்திருக்கிறாள், எத்தனையோ பேரை வீட்டைக் காலி செய்ய வைத்திருக்கிறாள். தன் மூக்கிலேயே ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் குடியேறும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"நோயெல்லாம் இல்லம்மா. கிருமி சும்மா குடியிருக்கு, அவ்வளவுதான்" என்றாள் டயாலிசிஸ் பிரிவின் நர்ஸ். "ஆனா வழக்கமான மருந்துக்கெல்லாம் மசியாத கிருமி. ஊசி போடற வழியா ரத்தத்துக்குள்ள போச்சுன்னா ஆபத்து. மத்தவங்களுக்கும் தொத்திக்கும்."

அன்றே அவளைக் கோடியில் இருந்த கண்ணாடிக் கதவு அறைக்கு மாற்றிவிட்டார்கள். தொடர்ந்து மூன்று தடவை பரிசோதனை சுத்தமாக வந்தால் பழைய இடம் கிடைக்கும் என்றார்கள்.

பழைய இடம் என்பது ஆறாம் நாற்காலி. ஏழில் கணக்கு டீச்சர். வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம், டீச்சர் குறுக்கெழுத்துப் புதிரை வாசிப்பார். தரகரம்மா வாய்க்கு வந்ததைச் சொல்வாள். ஒன்றாவது சரியாக இருக்க வேண்டுமே! உடம்பு முடியாமல் வீட்டுத் தரகு வேலையை விட்டாயிற்று, வீட்டில் அவளோடு பேச ஆளில்லை. மகன் கடல் கடந்து இருந்தான், போனில் "சாப்டியாம்மா?" என்பதோடு சரி. ஆக அவள் வாய் திறந்து பேசியதெல்லாம் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில்தான். இப்போது அதுவும் போயிற்று. கையுறையும் மேலங்கியுமாக வரும் நர்ஸ் ஊசியைக் குத்திவிட்டுப் போனால், அப்புறம் இயந்திரம்தான் துணை.

மருந்தை மூக்கில் தடவும்போதெல்லாம், "மரியாதையா காலி பண்ணிடு" என்று கிருமியை மிரட்டினாள். இரண்டு பரிசோதனை சுத்தமாக வந்தது. திங்கட்கிழமை மூன்றாவதுக்கு மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் போனார்கள்.

புதன்கிழமை கண்ணாடி வழியே பார்த்தால் ஏழாம் நாற்காலி காலியாக இருந்தது. தரகரம்மா நர்ஸைக் கூப்பிட்டு, டீச்சர் எங்கே என்று கேட்டாள்.

"பயப்படாதீங்க. டீச்சருக்கும் அதே கிருமி, இன்னிக்குப் பக்கத்துக் கட்டடத்துல போட்டிருக்கோம்" என்றாள் நர்ஸ்.

"என்கிட்டேர்ந்துதான் போயிருக்குமோ?"

"யார்கிட்டேர்ந்து யாருக்குன்னு யாருக்கும்மா தெரியும்? வெள்ளிக்கிழமை உங்க ரிசல்ட் வரட்டும். சுத்தம்னா நீங்க வெளிய, அவங்க உள்ள. இல்லேன்னா ரெண்டு பேரையும் இங்கேயே சேத்துப் போட்டுடுவோம். ஒரே கிருமிதானே."

சேர்த்துப் போடுவார்களாமே! தரகரம்மா இரண்டு நாளும் வேறெதையும் நினைக்கவில்லை. இந்த ஒரு தடவை மட்டும் இருந்துவிடு, போகாதே என்று கிருமியிடம் கெஞ்சினாள். இப்படியும் ஒருத்தி கேட்பாளா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை நர்ஸ் வாயெல்லாம் பல்லாக வந்தாள். "மூணும் சுத்தம்! ஆறாம் நாற்காலிக்கு வாங்க."

அவள் காலி செய்யச் சொன்னதில், தகராறு பண்ணாமல் முதலில் சொன்ன சொல் கேட்டுப் போனது இது ஒன்றுதான்.

கழுவித் துடைத்த அறைக்கு டீச்சரைச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்தார்கள். தள்ளி நிற்கச் சொன்னதால் தரகரம்மா சுவரோரம் ஒதுங்கினாள்.

"வீடு எப்படிங்க?" என்றார் டீச்சர், முகக்கவசத்துக்குள் சிரித்தபடி.

"காத்து வராது. பேச்சுத் துணை கிடையாது."

"தண்ணி வசதி?"

"நமக்கெதுக்கு டீச்சர் தண்ணி? அளந்து குடிக்கிற ஜென்மங்க."

இருவரும் சிரித்தார்கள். கதவு சாத்தப்பட்டது. டீச்சர் வெளியே வர இன்னும் மூன்று பரிசோதனை. எத்தனை மாதம் ஆகுமோ.

ஏழாம் நாற்காலியில் புதிதாக ஒருவர், காதில் இயர்போனோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இயந்திரம் ஓடத் தொடங்கியது. கோடி அறைக் கண்ணாடிக்கு அப்பால் டீச்சர் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பக்கத்தை விரித்துத் தூக்கிப் பிடித்தார். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"தாமரை!" என்று தரகரம்மா சத்தமாகச் சொன்னாள்.

பக்கத்து ஆள் இயர்போனைக் கழற்றினார். "என்னையா கூப்பிட்டீங்க?"

"இல்லீங்க" என்றாள் தரகரம்மா. அவர் மறுபடி மாட்டிக்கொண்டார். இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.