முழங்கை அளவு

காட்டூர்ப் பக்கம் பிலோமின்ராஜ் மேஸ்திரி என்றால், பொன்மலை ரயில்வே வொர்க்ஷாப்பில் மரவேலை பார்ப்பவர் என்பதைவிடத் தூண்டில் கம்பு செய்பவர் என்றுதான் நிறையப் பேருக்குத் தெரியும். மூங்கில் நுனியில் நரம்பைக் கட்டிக் குளத்தில் தொங்கவிடுகிற தூண்டில் இல்லை. நரம்பைச் சுற்றிவைக்கும் சீமை ரீல் பொருத்தி, முக்கொம்பிலும் கொள்ளிடத்திலும் நின்று வீசுகிற கம்பு. ரிடையரான என்ஜின் டிரைவர்களும் ஆபீசர்களும் தேடி வருவார்கள். எல்லாரும் நரைத்த மீசைக்காரர்கள் என்பதால் அவருடைய மனைவி செல்வமேரிக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. காப்பி கொடுத்து அனுப்புவாள்.

அறுபத்து நாலாம் வருஷம் பேட்ரிசியா வந்தாள். சங்கடமும் வந்தது.

பேட்ரிசியா ரயில்வே ஆபீசில் டைப் அடிக்கும் ஆங்கிலோ இந்தியப் பெண். நெட்டையாக, முழங்கால் தெரியும் கவுனோடு சைக்கிளில் வந்து இறங்கினாள். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய அண்ணன் தன் ரீலை அவளிடம் விட்டுப் போயிருந்தான். அதற்கு ஒரு கம்பு வேண்டும், தன் கைக்குப் பொருந்துவதாக வேண்டும் என்றாள்.

"கையைக் கொஞ்சம் குடுங்க மிஸ்" என்றார் பிலோமின்ராஜ்.

சமையலறை ஜன்னலுக்குள் செல்வமேரி காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள். கைகள் நின்றுவிட்டன.

"கம்போட அடி உங்க முழங்கைக்குக் கீழே அண்டி நிக்கணும். அப்போ கை எங்க வந்து விழுதோ, அங்கதான் ரீல் உட்காரணும். கொஞ்சம் தள்ளிப்போனாலும் நாலு வீச்சுல தோள்பட்டை விட்டுப்போகும்" என்று சொல்லியபடியே, அந்த வெள்ளைக் கையை முழங்கையில் பிடித்து, டேப்பை விரலிடுக்கு வரை இழுத்துப் பார்த்தார். ஏதோ யோசித்தார். இன்னொரு தரம் பிடித்து அளந்தார்.

ஒரு தரம் போதாதா? ரயில் தண்டவாளமா போடப்போகிறார்? செல்வமேரி காப்பியில் சர்க்கரை போடாமலே கொண்டுபோய் வைத்தாள். துரைசானி அதையும் "வெரி நைஸ்" என்று குடித்துத் தொலைத்தாள்.

பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "என்ன மேரி, மேஸ்திரி இப்போ கையைப் பிடிச்சு நாடியும் பார்க்கிறாரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தலையை இழுத்துக்கொண்டாள். நெருப்பை வைத்தாகிவிட்டது, இனி அங்கே அவளுக்கு என்ன வேலை?

செல்வமேரி அடுப்படிக்குத் திரும்பினாள். அலமாரிக்குள் கையை விட்டு, பார்க்காமலே உப்பு ஜாடியை எடுத்தாள். அந்த அலமாரியைப் பார்த்தாலும் அவளுக்கு எரிச்சல்தான். கல்யாணமான புதிதில் அவர் செய்து மாட்டியது. ஊரில் எல்லார் வீட்டு அலமாரியும் பெரிய குடம் வைக்கிற ஆழத்தில் இருக்க, இது மட்டும் இரண்டு வரிசை ஜாடிக்கு மேல் இடம் கொள்ளாது. கட்டினவளுக்கு என்றால் பலகையில்கூட மிச்சம் பிடிக்கிற மனுஷன். பதினோரு வருஷத்தில் ஒரு வளையல் வாங்கவாவது இவள் கையை அளந்திருப்பாரா? துரைசானி கையைப் பிடித்தபோது அவர் முகத்தில் இருந்த கவனம், அது ஒரே ஒரு தரம் தன் பக்கம் திரும்பினால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அது திரும்பவே திரும்பாதோ என்று பயமாகவும் இருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் பிலோமின்ராஜ் பசை வைத்தார். கம்பின் அடிப்பாகத்தை ஒரே தடிமனாகச் சீவியிருந்தார். ரீல் உட்காரும் பித்தளைக் குழாயின் உள்பக்கத்தையும் மூங்கிலையும் பசை பிடிக்க அரத்தால் கீறி, ஸ்பிரிட் துணியால் துடைத்தார். மெட்ராஸிலிருந்து வாங்கி வந்த பசை அது. இரண்டு டியூப்பாக வரும், இரண்டையும் ஒரு தகரத் துண்டில் பிதுக்கிக் குழைக்க வேண்டும். இறுகிவிட்டால் கம்பை அறுத்தால்தான் குழாய் வரும். பென்சில் கோடு வரை குழாயைத் திருகித் திருகித் தள்ளினார். பிறகு கம்பை முகத்துக்கு நேரே தூக்கி, நரம்பு ஓடுகிற வளையங்களும் ரீல் உட்காரும் இடமும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"விடிஞ்சா இறுகிடும். யாரும் தொட்டுடாம பார்த்துக்க மேரி" என்று சொல்லிவிட்டு, கோயிலில் பாட்டுப் பயிற்சிக்குப் போனார்.

யாரிடம் காவல் சொல்லிவிட்டுப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் கம்பையும் கோயிலுக்குத் தூக்கிப் போயிருப்பார்.

செல்வமேரி முதலில் சும்மா பார்க்கத்தான் போனாள். பிறகு சும்மா எடுத்துத்தான் பார்த்தாள். கம்பின் அடியை முழங்கைக்குக் கீழே அண்டிப் பிடித்தபோது, குழாய் அவள் விரலுக்கு எட்டாமல் அப்பால் இருந்தது. இவள் குட்டை. எட்டாத அந்த இடைவெளியைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை. குழாயைப் பிடித்துத் திருகினாள். பசை இன்னும் இளகித்தான் இருந்தது. திருகித் திருகித் தன் கை வந்து விழுகிற இடத்துக்கே அதை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

செய்ததைச் சுத்தமாகவும் செய்தாள். தகரத்தில் மிச்சமிருந்த பசையை உள்ளே ஊட்டினாள். வெளியே வழிந்ததை ஸ்பிரிட் துணியால் துடைத்தாள். பென்சில் கோட்டை அழித்தாள். ஒற்றைக் கண்ணால் வளையங்களைப் பார்த்து நேர்படுத்தினாள். பதினோரு வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இதுகூடவா வராது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பேட்ரிசியா ரீலோடு வந்தாள். கைப்பிடிக்கு நூல் சுற்றுவதற்கு முன்னால் ஒரு தரம் பிடித்துப் பார்க்கட்டும் என்று பிலோமின்ராஜ் கம்பை நீட்டினார். அவள் வாங்கி முழங்கையில் அண்டினாள். கை குழாயைத் தாண்டிப்போய் வெறும் மூங்கிலில் விழுந்தது. மணிக்கட்டை மடக்கிப் பார்த்தாள், தோளைத் தூக்கிப் பார்த்தாள்.

"மேஸ்திரி, இது என் கை இல்லையே."

பிலோமின்ராஜ் கம்பைத் திரும்ப வாங்கினார். டேப்பைத் தேடவில்லை. கம்பின் அடியையும் குழாயையும் ஒரு பார்வை பார்த்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"மேரி, வெளியே வா."

வந்தாள். மறைக்க வேண்டும் என்றுதான் வந்தாள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. "ஆமாங்க, நான்தான் நகர்த்தினேன். அவங்க கையை ரெண்டு தரம் பிடிச்சுப் பிடிச்சு அளந்தீங்க. என் கையை ஒரு நாளாவது அளந்திருப்பீங்களா?"

சுவருக்கு மேலே வியாகுலம்மாளின் தலை உதயமானது.

"மூணு வருஷம் நிழல்ல காயவெச்ச மூங்கில்டி! இனி அறுத்துத்தான் போடணும்" என்று கத்தினார் பிலோமின்ராஜ். பிறகு குரல் தணிந்தது. "குழாயைப் பார்த்த உடனே இது உன் கைன்னு எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு நினைக்கிற?"

அவரே அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அடுப்படி அலமாரி எவ்வளவு ஆழம்? உன் முழங்கை விளிம்புல பட்டா, விரல் கடைசி ஜாடியைத் தொடணும்னுதானே போட்டேன். கல்யாணத்தன்னைக்கு நீ பந்தக்காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்பவே கண்ணால அளந்தாச்சு. ஊரார் கைக்குத்தான் டேப்பு."

 பலகையில் மிச்சம் பிடித்தார் என்று செல்வமேரி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! வியாகுலம்மாளிடம் போன வாரம்கூடச் சொன்னாள். சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாக வந்து, எதை முதலில் படுவது என்று தெரியாமல் நின்றாள்.

பேட்ரிசியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மேஸ்திரி, அதை அறுக்காதீங்க. அது அவங்க கம்பு, அவங்களே வெச்சுக்கட்டும். எனக்கு வேற போடுங்க" என்று சொல்லிக் கையை நீட்டினாள்.

பென்சில் கோடு போனதோடு அளவும் போய்விட்டிருந்தது. மறுபடி அளந்துதான் ஆகவேண்டும். பிலோமின்ராஜ் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார்.

"இங்க குடுங்க" என்றாள் செல்வமேரி.

சந்தோஷம் வேறு, இது வேறு. அவர் டேப்பைக் கொடுத்துவிட்டார். அவள் பேட்ரிசியாவின் முழங்கையைப் பிடித்து, டேப்பின் முனையை அழுத்தி, விரலிடுக்கு வரை இழுத்தாள். பதிமூன்றரை அங்குலம். இல்லை, கை லேசாக மடங்கியிருக்கிறது. நிமிர்த்திப் பிடித்து இன்னொரு தரம் அளந்தாள். ஒரு தரம் போதாதுதான்.