கீழ்வீட்டு அம்மாளிடம் ஒரு 'டொஹ்'

ஷெஃபீல்டிலிருந்து ஸ்டுட்கார்ட்டுக்கு வேலைக்கு வந்த இரண்டு வருஷத்தில் ஹெஸ்டரின் பேச்சில் சில ஜெர்மன் சொற்கள் தாமாகவே குடியேறிவிட்டன. 'கெனாவ்', அதாவது அதேதான், எதற்கும் பொருந்தியது. 'ஃபையராபென்ட்' என்றால் இன்றைய வேலை முடிந்தது. சொல்லும்போதே கால் செருப்பைத் தேடும். 'டொஹ்' மட்டும் வாயில் ஏற மறுத்தது. ஒருவர் இல்லையென்று அடித்துச் சொன்னால், 'இல்லையாவது, ஆமாம்தான்' என்று திருப்பி அடிக்கிற ஒற்றைச் சொல் அது. அங்கே நாலு வயசுக் குழந்தையும் சொல்லும். ஹெஸ்டரோ தன் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்கிறவள்.

அந்தக் கட்டடத்தில் வாரம் ஒரு வீட்டார் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். வேலை முடிந்ததும் அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டும். ஹெஸ்டர் மாட்டிய பலகை கீழ்வீட்டு ஃப்ராவ் ஹேகலேயின், அதாவது ஹேகலே அம்மாளின், கதவிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. இரண்டு முறையும் வாயைத் திறக்காமல் மறுபடி துடைத்தாள். மூன்றாம் முறையும் பலகை அவள் கதவிலேயே வந்து தொங்கியது. இன்றும் பேசாமல் வாளியை எடுத்தால், இனி இந்தக் கட்டடத்தில் தன்னை ஒரு ஆளாக யாரும், தானேகூட, மதிக்கப்போவதில்லை என்று தோன்றியது.

இறங்கிப் போய் மணியடித்தாள்.

"நீங்க கூட்டல," என்றாள் ஃப்ராவ் ஹேகலே, கதவைத் திறந்த கையோடு.

"டொஹ்!"

தன் குரலா அது என்று ஹெஸ்டரே திடுக்கிட்டாள்.

"இல்லைங்கிறேன்!"

"டொஹ்!"

"அப்போ நிலவறைப் படி? வாங்க, காட்டறேன்."

நிலவறைப் படியும் கணக்கில் சேர்த்தி என்று ஹெஸ்டருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. வாழ்க்கையில் முதன்முதலாகத் துணிந்து சொன்னது, அதுவும் தப்பு. கீழே மூலையில் வலை பின்னி, ஒரு சிலந்தி கொழுத்து உட்கார்ந்திருந்தது.

'மன்னிச்சுக்குங்க' தொண்டைவரை வந்தது. இவ்வளவு காலமும் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தானே ஒளிந்திருந்தோம் என்று நினைத்தபடி அதை விழுங்கினாள்.

"இது காலைல கட்டினதா இருக்கும்."

"இவ்வளவு பெரிசா?"

"சுறுசுறுப்பான சிலந்தி."

ஃப்ராவ் ஹேகலே அவளை ஏற இறங்கப் பார்த்தாள். உதட்டோரம் துடித்தது. "ரெண்டு வருஷமா எதைச் சொன்னாலும் 'கெனாவ், கெனாவ்'னு மண்டையாட்டிட்டு நின்னீங்களா, எனக்கு உள்ளூர பயமாவே இருந்துச்சு. என்ன பொம்பள இவ, சண்டையே வராதான்னு."

"கீழயும் கூட்டணும்னு வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே, ஃப்ராவ் ஹேகலே."

"பலகையை மாட்டினேனே! அதுக்கு மேல என்ன சொல்றது?"

ஹெஸ்டர் துடைப்பம் கொண்டுவந்து நிலவறைப் படியைக் கூட்டினாள். மன்னிப்புக் கேட்காமல் கூட்டுவது விசித்திரமாக இருந்தது, ஏதோ உடுப்பை மறந்துவிட்டு வந்ததுபோல. முடித்ததும் பலகையை ஃப்ராவ் ஹேகலேயின் கையிலேயே கொடுத்தாள்.

"சனிக்கிழமை நான் வந்து ஜன்னல் விளிம்பெல்லாம் விரலால தடவிப் பாப்பேன்."

"அதெல்லாம் நீங்க பாக்க மாட்டீங்க!" என்று ஆசையாகச் சொல்லிவிட்டு, பதிலுக்கு அந்த ஒற்றைச் சொல் வரக் காத்து நின்றாள் ஃப்ராவ் ஹேகலே.