ஷ்யாமளாவின் ஐந்தாவது சனிக்கிழமை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையது. அதை எந்த இடத்தில் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாட்களாக ஆரம்பங்களை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் ஆரம்பம்: "மாதுங்காவில், ரயில் சத்தம் கேட்கும் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஷ்யாமளா என்ற பதினாறு வயதுப் பெண் கண்ணாடியின் முன்..."

[கண்ணாடி வேண்டாம். பருவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிப்பார்கள். ஷ்யாமளா கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டிருந்தாள்.]

இரண்டாவது: "பருக்கள் ஒரு பெண்ணின் மனத்தில்..."

[இது கதை இல்லை, பெண்கள் பக்கம். அதில் எழுதப் போய்த்தான் இந்தக் கஷ்டம்.]

நேராகவே சொல்கிறேன். ஒரு பத்திரிகையில் "உங்கள் தோழி" என்ற பெயரில் மாதம் ஒரு பத்தி எழுதுகிறேன். இந்த வருஷம், 1964 ஜூன் இதழில், முகப்பருவுக்குச் செம்பூரில் எக்ஸ்ரே சிகிச்சை தருகிறார்கள், வலி இல்லை, தழும்பு இல்லை, எட்டே தடவை என்று எழுதினேன். அடுத்த வீட்டு ஞானம் அதைப் படித்துவிட்டு மகள் ஷ்யாமளாவை அங்கே அழைத்துப் போனாள். நான்கு சனிக்கிழமைகள் முடிந்துவிட்டன. நாளை ஐந்தாவது. போவதா, வேண்டாமா என்பதுதான் கதை.

2

ஞானம் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. பால்காரனுக்கு எதிரிலேயே பாலை விரலில் தொட்டுப் பார்ப்பாள். பயத்தம்மாவு, சந்தனம், கந்தகக் களிம்பு ஒவ்வொன்றையும் முதலில் தன் முழங்கையில் தடவி ஒரு நாள் காத்திருந்துதான் மகளின் முகத்தில் தடவினாள். சயான் ஆஸ்பத்திரி டாக்டர், "வயசுக் கோளாறு, இரண்டு வருஷத்தில் தானாகப் போய்விடும், சோப்புப் போட்டுக் கழுவு" என்றார். மருந்துச் சீட்டே எழுதாத டாக்டரை அவள் அறவே நம்பவில்லை.

அச்சில் வந்ததை மட்டும் சந்தேகிக்க மாட்டாள். இத்தனைக்கும் அச்சுக்குப் போவது எப்படித் தயாராகிறது என்பதை அவளைப்போலப் பார்த்தவர்கள் இல்லை. என் கதைகளை நகலெடுப்பது அவள்தான். என் கையெழுத்து எனக்கே புரியாது. அவளுடையது முத்து முத்தாக இருக்கும்.

3

டாக்டரை எப்படி எழுதுவது? முதலில் தங்கப் பிரேம் மூக்குக் கண்ணாடி, வழவழப்பான சிரிப்பு என்று எழுதினேன். [அடித்துவிட்டேன். நான் அவரைப் பார்த்ததில்லை. ஷ்யாமளாவுக்கு அவர் பெப்பர்மின்ட் கொடுத்தாராம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குற்றத்தைச் சுமக்க ஆள் தேவைப்படும்போது எழுதுகிற கைக்கு மூக்குக் கண்ணாடி சுலபமாக வந்துவிடுகிறது.]

இரண்டாவது சனிக்கிழமை முடிந்து வந்த ஞானம் என் சமையலறை வாசலில் நின்றாள்.

"மாமி, ஒண்ணு கேக்கறேன். மிஷினைப் போடறச்சே அந்த நர்ஸ் கதவுக்கு அந்தண்டை ஓடிப் போயிடறா. டாக்டரும் போயிடறார். குழந்தை மட்டும் உள்ளே தனியா. நல்ல வஸ்துன்னா அவா ஏன் ஓடணும்?"

"அவா தினம் பத்துப் பேருக்குப் போடறா. இவளுக்கு வாரத்துக்கு ஒரு தரம்தானே?"

"அதை நீங்க பத்தியில எழுதலையே?"

"இடம் இல்லை" என்றேன்.*

* இடம் இருந்தது. அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு கோலம் அச்சிட்டிருந்தார்கள்.

4

இங்கே ஞானத்தின் கணவர் பஞ்சு வரவேண்டும். அவருக்கு டிராம்பேயில், அணு ஆராய்ச்சி நிலையத்தில், ஸ்டோர்ஸில் வேலை. அங்கே வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு சின்ன பாட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். அதற்குள் ஒரு துண்டு ஃபிலிம். மாதக் கடைசியில் அதைக் கழுவிப் பார்த்தால் அந்த ஆள்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று தெரிந்துவிடும். மாலையில் அதைக் கேட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை அரை நாள் வேலை. பஞ்சு மறதியாகப் பாட்ஜோடு வீட்டுக்கு வந்து, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுத் தூங்கிப் போனார். ஞானம் அதைக் கழற்றி, மகளின் தாவணியில் கழுத்துக்குக் கீழே குத்தி, தலைப்பால் மறைத்துச் செம்பூருக்கு அழைத்துப் போனாள். அன்றே திரும்பவும் சட்டையில் குத்திவிட்டாள். அதற்கடுத்த சனிக்கிழமையும், எதுவும் நடக்காத மாதிரி, போனார்கள்.

[இதை நான் கற்பனை செய்திருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.]

இந்த வாரம் புதன்கிழமை பஞ்சு கையில் பிளாஸ்திரியோடு வந்தார். அவர்கள் வீட்டுக் கதவு திறந்தேதான் இருக்கும். நானும் போய் நின்றேன்.

"ரத்தம் எடுத்துட்டான்" என்றார். "என் ஃபிலிம் பூரா கறுத்துப் போயிருக்காம். அளக்கவே முடியலையாம். எங்கே நின்னே, எதைத் தொட்டேன்னு குடையறான். போல்ட்டும் நட்டும் எண்ணிண்டிருந்தேன்னேன். நம்பமாட்டேங்கறான்."

ஞானம் முன்னால் வந்தாள். "ஏன்னா... அது உங்க மேல பட்டதில்லை."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு ஷ்யாமளாவை. கடைசியில் என்னை. அந்த வரிசை எனக்கு மறக்காது.

மறுநாள் ஆபீசில் உண்மையைச் சொல்லி, நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார். "வைத்தியத்துக்கு விடற கதிர் வேற கணக்காம், இந்த ஃபிலிமை வச்சுண்டு நல்லது கெட்டது சொல்ல முடியாதாம், டாக்டரைக் கேளுன்னுட்டான்" என்றார். டாக்டரிடம் போன் செய்து கேட்டார். மெல்லிய கதிர், கன்னத்துத் தோலோடு நின்றுவிடும் என்றாராம்.

"நான் கன்னத்துல குத்தலையே" என்றாள் ஞானம். "கழுத்துக்குக் கீழேன்னா குத்தினேன்?"

5

இதுவரை படித்தவர்கள் முடிவைத் தீர்மானித்திருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். ஷ்யாமளாவின் முகம் தெளிந்துவிட்டது. நான்கே தடவையில்.

நேற்று மாடிப்படியில் வழிமறித்தாள். தலையை இழுத்து வாரியிருந்தாள். முன்பெல்லாம் முடியைக் கன்னத்தில் விட்டுக்கொள்வாள்.

"மாமி, அம்மா கேட்டா என்ன சொல்லப் போறேள்?"

"உனக்குப் பயமா இல்லையா?"

"க்யா மாமி, ஃபிலிம்தானே கறுத்தது? நான் கறுக்கலையே!" என்று சிரித்தாள். சிரிக்கும்போது கை வாய்க்கருகே வரவில்லை. "போன வருஷம் ஸ்கூல் போட்டோவைப் பார்த்துட்டு, இதுல நீ எங்கேடின்னு கேட்டேளே, ஞாபகம் இருக்கா? பின் வரிசையில குனிஞ்சுண்டிருந்தேன். இந்த வருஷம் முன்னாடி உக்காத்தி வச்சிருக்கா. பாதியில விட்டா திரும்பி வந்துடும்னு டாக்டர் சொல்லியிருக்கார். முகம் என்னோடது மாமி. உங்களோடதும் இல்லே, அம்மாவோடதும் இல்லே."

அவள் போன பிறகு யோசித்தேன். அந்தத் தெளிந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அது அவளுக்காகவா, என் பத்தி பலித்துவிட்டது என்பதற்காகவா? பின்னதுதான் என்று சந்தேகப்படுகிறேன்.

6

முடிவுகள்:

(அ) போகவில்லை. பருக்கள் திரும்பி வருகின்றன. ஷ்யாமளா அம்மாவோடு பேசுவதை நிறுத்துகிறாள். [நியாயமான முடிவு. ஆனால் இதை எழுதும்போது என் பங்கு எங்கேயோ காணாமல் போய்விடுகிறது.]

(ஆ) போகிறார்கள். முகம் பளிங்காகிறது. இருபது வருஷம் கழித்து... [தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி ஏற்கெனவே ஒரு முறை எழுதியாயிற்று.]

(இ) மிஷின் பழுதாகிவிடுகிறது. [தப்பித்து ஓடுவதற்கு எழுத்தாளர்கள் வைத்திருக்கும் கொல்லைப்புறக் கதவு.]

நேற்று மாலை ஞானம் கேட்டாள்: "எங்காத்துக்காரர் என்னைக் கேக்கறார். நான் உங்களைக் கேக்கறேன். நீங்க படிச்சவா. போகட்டுமா, வேண்டாமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"அதையே கதையா எழுதிண்டிருக்கேளாமே. முடிவுல என்ன பண்றோமோ அதையே பண்ணிடறோம்" என்றாள். சிரிக்கவில்லை.

7

ஆகையால் முடிவு எழுத மாட்டேன். இது அடக்கம் இல்லை, பயமாக இருக்கலாம். அதற்குப் பதிலாக, முதல் வரியில் சொன்ன பொய்யை எழுதுகிறேன்.

நாளைக் காலை ஞானம் இந்தத் தாள்களை நகலெடுக்க வாங்கிப் போவாள். பன்னிரண்டு மணிக்குள் முடிப்பாள். செம்பூருக்குக் கிளம்ப வேண்டியது இரண்டு மணிக்கு.

ஞானம், அந்தப் பத்தியை எழுதியபோது நான் அந்த மிஷினைப் பார்த்ததில்லை. குணமான ஒரு பெண்ணையும் பார்த்ததில்லை. தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. பத்தி அனுப்ப அன்றுதான் கடைசி நாள். நோட்டீசில் இருந்ததைத் தமிழில் எழுதினேன். "நானே நேரில் கண்டேன்" என்பதை மட்டும் சொந்தமாகச் சேர்த்தேன், வாக்கியம் நன்றாக நிற்கிறது என்பதற்காக. என்னை நம்பி அனுப்பினாய். இனி எதைத் தீர்மானித்தாலும் நான் சொன்னதைக் கழித்துவிட்டுத் தீர்மானம் செய்.

மற்ற வாசகர்களுக்கு: உங்கள் கைக்கு வருவது என் எழுத்தில்லை, அவள் எடுத்த நகல். மேலே ஞானத்துக்கு எழுதியிருப்பது அதில் இருந்தால், ஞானம் அதைப் படித்தாள், தன் முத்துக் கையெழுத்தில் ஒரு சொல் விடாமல் எழுதினாள் என்று பொருள். அப்போது மணி பன்னிரண்டு. பேனாவை மூடிவிட்டு மகளைக் கூப்பிட்டிருப்பாள். என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இந்த முறை, தெரியாது என்றே எழுதுகிறேன்.