கிழக்குத் தாம்பரத்து மாண்புறு உறுப்பினர்

1964இல் ஒரு தவளையின் மார்பிலிருந்து வெட்டியெடுத்த இதயம், எமர்ஜென்சி வந்து போன பிறகும் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டில் துடித்துக்கொண்டிருந்தது. வெட்டியெடுத்தவர் டாக்டர் ஹில்டா லாசரஸ், பல்லாவரம் பக்கம் ஒரு கல்லூரியில் மருந்தியல் விரிவுரையாளர். தவளை இதயம் உப்புக் கரைசலில் சில மணி நேரம் துடிக்கும், அப்புறம் நின்றுவிடும். இது முதலாண்டு மாணவனுக்கே தெரியும். ராஜகீழ்ப்பாக்கம் ஏரிக்கரையில் படர்ந்த ஒரு கொடியின் வேரை அரைத்து வடித்து, பல வருஷம் தோற்று, கடைசியில் தேறிய சாற்றில் ஒரு சொட்டு ஹில்டா நின்றுபோன இதயத்தின்மேல் விட்டார். அது மறுபடி துடித்தது. பிறகு நிற்கவேயில்லை. கல்லூரியில் ஒரு வாரம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அதன்பின் சுவர்க்கடிகாரம் போலப் பழகிவிட்டார்கள்.

பழகாதவர் துறைத்தலைவர் சுப்பராயலு மட்டும்தான். ஹில்டா எழுதிய கட்டுரை அவர் மேஜைக்குப் போய் அவர் பெயரில் அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், குடுவை கழுவி உதவிய செல்வி ஹில்டாவுக்கு நன்றி. அப்போது ஹில்டாவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அந்த வருஷமே மருந்தியல் அறிஞர் சங்கம் சுப்பராயலுவை மாண்புறு உறுப்பினராக்கி, பொன்னாடை போர்த்தித் தங்கப்பதக்கம் தந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஹில்டாவின் கைகள் மடியைவிட்டு எழவில்லை.

மறுநாள் சுப்பராயலுவின் அறைக்கே போய்க் கேட்டார். "சார், என் பேர் எங்க?"

"அடுத்த பேப்பர்ல பார்த்துக்கலாம்மா. டிபார்ட்மெண்ட் பேர்தானே முக்கியம்."

அன்று சாயங்காலம் ஹில்டா இதயத்தைக் கரைசலோடு டிபன் டப்பாவில் ஊற்றிக்கொண்டு மின்சார ரயில் ஏறினார். அவர் கோபத்தில் கொதிக்கக் கொதிக்க டப்பாவுக்குள் துடிப்பும் வேகமெடுத்தது. குரோம்பேட்டை தாண்டும்போது பெண்கள் பெட்டி முழுக்கக் கேட்டது. "டப்பால இன்னாம்மா கீது, கடியாரமா?" என்றாள் பூக்காரி. "என் வேலை," என்றார் ஹில்டா.

தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கணவர் லாசரஸ் பயந்தார். "உத்தியோகம் போயிடும் ஹில்டா."

"போகட்டும். திருடினது நானில்ல."

உத்தியோகம் போகவில்லை, ஏனென்றால் வெளிநாட்டு அறிஞர்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்ட சுப்பராயலு கூடைகூடையாகத் தவளைகளை வெட்டிப் பார்த்தார். ஒன்றும் சாயங்கால டீ வரை தாங்கவில்லை. வேறு வழியின்றி அவர்களைக் காரில் ஏற்றி ஹில்டா வீட்டுக்கே கூட்டிவந்தார். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையில் நின்று, ரேடியோ பக்கத்திலிருந்த டப்பாவைக் குனிந்து பார்த்தார்கள். செய்தது யார் என்று ஒருவர் கேட்டார். "நான்," என்றார் ஹில்டா. சுப்பராயலு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் சங்கத்துக்குப் போயிற்று. கொடுத்த பதக்கத்தைத் திரும்ப வாங்க விதியில்லை. ஒரு கண்டுபிடிப்புக்கு இருவரைக் கௌரவிக்கவும் விதியில்லை. ஆனாலும் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று வெகுநேரம் விவாதித்து, தவளை இதயத்தை மாண்புறு உறுப்பினராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். பொன்விளிம்புச் சான்றிதழ் தபாலில் வந்தது: தவளை இதயம், பராமரிப்பு திருமதி ஹில்டா.

கிழிக்கப்போன கையை லாசரஸ் பிடித்துக்கொண்டார். ஜன்மத்தில் கோபப்படாத மனிதருக்கு அன்று முகம் சிவந்திருந்தது. "கிழிக்காதே. உறுப்பினர்னா கூட்டத்துல பேசலாம், ஓட்டும் இருக்கு."

அதுமுதல் ஒவ்வொரு ஆண்டுக்கூட்டத்துக்கும் ஹில்டா டப்பாவோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். கௌரவிக்க ஒரு பெயர் முன்மொழியப்படும்போதெல்லாம் எழுந்து, "இந்த வேலையைக் கையால செஞ்சது யாரு?" என்று கேட்டார். முதல் வருஷம் வெளியேற்றப் பார்த்தார்கள். ஆனால் நடமாட முடியாத உறுப்பினர் சார்பில் இன்னொருவர் பேசலாம் என்று விதி இருந்தது. சிலர் தங்கள் பெயரைத் தாங்களே வாபஸ் வாங்கினார்கள். சிலர் கடைசி வரிசையிலிருந்து யாரையோ கைப்பிடித்து மேடைக்குக் கூட்டிவந்தார்கள். ஹில்டாவின் பெயரை மட்டும் எழுபதுகள் முடியும்வரை எவரும் முன்மொழியவில்லை. கூட்டம் தொடங்குமுன் செயலாளர் டப்பாமேல் காதுவைத்துக் கேட்டு, வருகைப் பதிவில் 'ஆஜர்' என்று எழுதுவார். அதற்குப் பிறகுதான் காபி வரும்.