நாற்பத்தொரு துண்டுகள்

என் மனைவி யாதவியின் வேலைக் குறிப்பு ஒன்றைக் கவிதை என்று அச்சடித்து முந்நூறு பேருக்குக் கொடுத்தோம். அவள் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்த பிறகு, நினைவு மலரில்.

பக்கத்தைத் தெரிவு செய்தவர் அவளுடைய தகப்பன் யோகராஜா. மலரில் பிள்ளையின் கையெழுத்து இருக்க வேண்டும் என்றார். அவள் வேலை செய்த திரைப்படக் காப்பகத்திலிருந்து ஒரு பெட்டி வந்திருந்தது. ஒரு கோப்பை, ஒரு சோடி செருப்பு, அவள் குறிப்பெழுதிய மூன்று கொப்பிகள். எடுங்கோ மாமா என்றேன். நான் சோபாவில் படுத்திருந்தேன். வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சின்னச் சின்னதாக இருந்த ஒரு பக்கத்தில் அவர் நின்றார்.

மஞ்சள் ஒன்று.
மஞ்சள் மூன்று.
ரோசா ஒன்று. கை முழுக்க மா.
நீலம் ஆறு. அவன் போகிறான்.
சிவப்பு முழுவதும்.
நீலம் இரண்டு. அவள் அழவில்லை.

இப்படிப் பக்கம் முடியும்வரை.

"பிள்ளை இதெல்லாம் எழுதுறவள் எண்டு எங்களுக்குத் தெரியாமப் போச்சே தம்பி," என்றார் மாமா.

மாமா இருக்கும் வில் என்ற நகரத்தின் மண்டபத்தில் குலேந்திரன் என்ற உறவினர் அதை ஒலிவாங்கியில் வாசித்தார். 'நீலம் ஆறு' என்று இழுத்து, கண்ணை மூடி, கையை உயர்த்தி. 'அவள் அழவில்லை' வந்தபோது பெண்கள் இருந்த பக்கம் முழுவதும் அழுதது.

காப்பகத்தின் தலைவர் ஊர்ஸ் ஹோலென்ஸ்டைனும் பாசலிலிருந்து வந்திருந்தார். மலரை விரித்து, அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, இது என்ன என்று என்னிடம் ஜெர்மனில் கேட்டார்.

கவிதை என்றேன்.

அது நான் செய்தது. மற்றவர்கள் செய்ததை இனிச் சொல்கிறேன்.

எட்டு மாதம் கழித்து ஹோலென்ஸ்டைனிடமிருந்து கடிதம் வந்தது. யாதவி மீட்டெடுக்கும் வேலை செய்த பழைய ஹங்கேரிய ஊமைப்படம் தயாராகிவிட்டது. ஞாயிறு காலை பதினொன்றுக்குப் பாசலில் முதல் காட்சி. படத்தின் தொடக்கத்தில் 'யாதவி நினைவாக' என்று போட விரும்புகிறார்கள். கணவன் கையொப்பமிட வேண்டும். படிவத்தோடு நிகழ்ச்சி நிரலும் இருந்தது. அதில் அவர் எழுதிய ஆறு பக்கக் கட்டுரை. காலத்தை உடைத்த படம், தன் காலத்துக்கு முன்னால் ஓடிய படம், தீயில் முடியும் படம், ஒரு நாட்டின் வீழ்ச்சியை முன்கூட்டிச் சொன்ன படம்.

நான் படிவத்தில் கையொப்பம் போட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை. அங்கே யாரும் அதிகம் கதைப்பதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

புதன்கிழமை மதியம் மரியதாஸ் அண்ணை அழைத்தார். படம் போடப்போகும் சிறிய தியேட்டரில் அவர்தான் புரொஜெக்டர் ஓட்டுபவர். யாதவி படச் சுருள்களைச் சோதிக்க அங்கே போய்வருவாள். அவர் மாட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கி வைத்து அவளுக்காகக் காத்திருப்பார்.

"தம்பி, உங்கட மலரில பிள்ளையின்ர கவிதை எண்டு ஒண்டு போட்டனீங்களெல்லே?"

"ஓம் அண்ணை."

"ஆர் அதைக் கவிதை எண்டு சொன்ன விசரன்?"

நான் கைபேசியோடு ஆய்வுகூடத்துக்கு வெளியே வந்தேன்.

"இண்டைக்குப் படத்தைப் போட்டுப் பாத்தனான். முதல் முழுக்க நீலம். பிறகு முழுக்க மஞ்சள். பிறகு ரோசா. கடைசியில சிவப்பு. சாயம் போட்ட சீலையளைக் கொடியில காயவிட்ட மாதிரி இருக்கு. எனக்கு உடன அந்தப் பக்கம் ஞாபகம் வந்திட்டுது. தம்பி, அது ஒட்டுற வரிசை. எது முதல், எது பிறகு எண்டு பிள்ளை எழுதி வைச்சிருக்கு. நீர் அவளின்ர புருசன். கொப்பியை ஒருக்கால் திறந்து பாத்தனீரோ?"

"இல்லை."

"நல்லது. இனித் திறவும்."

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

யாதவி அந்தக் கொப்பிகளைத் தமிழில் எழுதியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஹோலென்ஸ்டைன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார், பார்த்ததைக் கூட்டத்தில் தன் யோசனையாகச் சொல்வார். இப்ப எட்டிப் பாக்கட்டும் என்று சிரிப்பாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்து. உருண்டையாக, பிள்ளைகள் எழுதுவது போல.

கொப்பியில் எல்லாம் இருந்தது.

அந்தப் படம் எடுக்கப்பட்டது கொலோஷ்வாரில். இன்று ருமேனியாவில் இருக்கும் அந்த நகரத்தில், முதல் உலகப் போர்க் காலத்தில், ஹங்கேரியர்கள் ஆண்டு முழுக்கப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போருக்குப் பிறகு நாடு உடைந்தது. புடாபெஸ்டில் புரட்சி அரசு சில மாதம் இருந்து சினிமாவை நாட்டுடைமை ஆக்கியது. அது கவிழ்ந்ததும் படம் எடுத்தவர்கள் பலர் வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் ஓடினார்கள். பெயர் எடுத்தார்கள். விட்டுவந்த படங்கள் பெரும்பாலும் அழிந்தன. இந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் நெஞ்சு நோயோடு இந்த நாட்டு மலையூரான டாவோஸுக்கு வந்து, அங்கேயே இறந்தார். அவர் கொண்டுவந்த இரண்டு சுருள்கள் ஒரு பழைய சிகிச்சை விடுதியின் கூரைக்கடியில் நூறு வருடம் கிடந்தன.

அந்தக் காலத்துப் படத்தில் நிறம் கிடையாது. படத்தைத் துண்டு துண்டாகச் சாயத்தில் தோய்ப்பார்கள். இரவுக்கு நீலம், விளக்குக்கு மஞ்சள், விடியலுக்கு ரோசா, தீக்குச் சிவப்பு. ஒரே நிறத் துண்டுகளை ஒன்றாகத் தோய்த்தால் வேலை சுலபம். அதனால் மூலப் படச்சுருளையும் நிறம் நிறமாகத்தான் சேர்த்து வைப்பார்கள். கதை வரிசையில் அல்ல. டாவோஸில் கிடந்ததும் அப்படி ஒரு மூலம்தான். தோய்த்துக் காய்ந்த பிறகு ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டின் நுனியிலும் கீறியிருக்கும் எண்ணைப் பார்த்து, கதைப்படி ஒட்டுவார். இந்தப் படத்தில் அந்த எண்கள் ஒட்டுப் பசைக்குக் கீழே மறைந்திருந்தன. கழுவும்போது ஒட்டு விட்டது. யாதவி ஒவ்வொன்றையும் பார்த்து, கதை வரிசையில் எழுதினாள்; 'நீலம் ஆறு' என்றால் நீலத் துண்டுகளில் ஆறாவது. நாற்பத்தொரு துண்டு, நாற்பத்தொரு எண்.

அந்த எண்களைக் கீறியது ஒரு பெண் என்று அவள் நினைத்தாள். வேலைத்தலத்தின் பழைய புகைப்படம் ஒன்றில் கத்தரிக்கோல் மேசையில் பெண்கள் மட்டுமே இருந்தார்கள். ஒருத்தியின் பெயரும் எழுதப்படவில்லை. கொப்பியில் அவளை அக்கா என்று குறிப்பிட்டிருந்தாள். 'அக்கா ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறா.' 'அக்காவுக்கு இன்று அவசரம், இருபத்தாறை இரண்டு தரம் கீறிவிட்டா.'

துண்டுகளின் பிரதி அவளுடைய வன்வட்டில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கணினியில் கோர்த்தேன். மூன்று மணித்தியாலம். பிறகு பார்த்தேன். இருபத்தெட்டு நிமிடம். ரொட்டி சுடுகிறவன் ஒருவன் கலியாணம் செய்கிறான். ஓர் இரவு கடை எரிகிறது. அவன் சாகிறான். பிறகு அவள் அடுப்பை மூட்டுகிறாள். அவ்வளவுதான். ஒரு குழந்தைக்கும் விளங்கும்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு ஏதோ வந்தது. அழுகை என்று நினைத்தேன். கோபம்.

வியாழக்கிழமை ஹோலென்ஸ்டைனின் அறைக்குப் போனேன். கொப்பியையும் படிவத்தையும் கொண்டுபோனேன். வரிக்கு வரி ஜெர்மனில் எழுதியும் கொடுத்தேன். நன்றாக வாசித்தார். அவர் முட்டாள் இல்லை.

"யாதவி இதைப் பற்றி என்னிடம் சொன்னாள்," என்றார்.

"சொன்னாளா?"

"ஒரு ஊகமாக. நானும் யோசித்தேன். ஆனால் இந்தச் சுருள்களை இந்த நிற வரிசையில் ஒட்டியவர் ஒளிப்பதிவாளராக இருக்கலாம். சாகும் நேரத்தில், தெரிந்தே. அதையும் மறுக்க முடியாதே."

"எண்கள் இருக்கின்றன. பெட்டியைத் திறந்து பாருங்கள்."

"மூலம் குளிர் அறைக்குப் போய்விட்டது. வசந்தத்துக்கு முன் திறக்க மாட்டார்கள். எண்களைப் பார்த்தது யாதவி மட்டும். எழுதியது இந்தப் பக்கத்தில் மட்டும். இந்தப் பக்கத்தை..." நிறுத்தினார். மேசை இழுப்பறையைத் திறந்து நினைவு மலரை எடுத்தார். வைத்திருந்திருக்கிறார். "இதை நீங்களே கவிதை என்று வெளியிட்டீர்கள். நான் உன்னிடம் கேட்டேன், கோபிசன். நீதான் சொன்னாய்."

"அன்றைக்கு என் பெயரைக் கேட்டிருந்தாலும் பிழையாகத்தான் சொல்லியிருப்பேன்."

"புரிகிறது."

"புரியவில்லை. இன்றைக்குச் சரியாகச் சொல்கிறேன். இது வரிசை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரல் இளகியது. அந்த இளகலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவளுடைய வரிசையில் போட்டால் இது ஒரு சாதாரணப் படம். ரொட்டிக்காரன் சாகிறான், மனைவி கடை திறக்கிறாள். அப்படி அந்தக் காலத்தில் நூறு படம் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். இப்போது எங்கே?"

அவர் மலரைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்தார்.

"அவர்கள் சாதாரணப் படம் எடுத்தார்கள்," என்றேன். "குளிரில், போரில், சம்பளம் இல்லாமல் எடுத்தார்கள். ஒருத்தி ஒவ்வொரு துண்டிலும் எண் கீறினாள், பின்னால் வருகிறவனுக்குக் குழப்பம் வரக்கூடாது என்று. நீங்கள் அதைக் குழப்பிவிட்டுக் கட்டுரை எழுதுகிறீர்கள்."

"நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது. மூன்று நாளில் எதையும் மாற்ற முடியாது. நினைவுக் குறிப்பு இருக்கிறதே. அவளுடைய பெயர் முதலில் வருகிறது, என்னுடையதற்கும் முன்னால்."

படிவத்தை எடுத்தேன். நான் ஏற்கெனவே கையொப்பம் போட்டிருந்தேன். அதை அவருடைய பேனாவால் குறுக்கே வெட்டினேன். 'அனுமதி இல்லை' என்று எழுதி, அதன் கீழ் மறுபடி கையொப்பம் போட்டேன்.

"ஏன்?" அவர் உண்மையிலேயே அதிர்ந்தார்.

"பிழையாக ஒட்டிய படத்தில் அவளுடைய பெயர் வேண்டாம்."

மாமாவுக்கு அன்றே தொலைபேசியில் சொன்னேன்.

"என்ன தம்பி விளையாடுறீரோ? பிள்ளையின்ர பேர் திரையில வரும் எண்டு நான் வில் முழுக்கச் சொல்லிப்போட்டன். ரெண்டு வான் பிடிச்சுச் சனம் வருது."

"வரச் சொல்லாதேங்கோ மாமா."

"ஆரைக் கேட்டு வெட்டினனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

"அவள் எனக்கும் பிள்ளை."

"ஓம். அந்தப் பக்கம் கவிதை இல்லை மாமா. அவளின்ர வேலை. அதை அந்தாள் குப்பையில போட்டிட்டான். நாங்கள் அவனுக்குக் குப்பைவாளியைப் பிடிச்சுக் குடுத்திருக்கிறம்."

மறுமுனையில் தொலைக்காட்சியை நிறுத்தினார். பிறகு, "குலேந்திரன் ஒலிவாங்கியிலயெல்லே வாசிச்சவன்," என்றார். வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை தியேட்டர் நிறைந்திருந்தது. மரியதாஸ் அண்ணை வாசலில் என்னைப் பிடித்தார்.

"எனக்குத் தந்தது ஒரே கோப்புத் தம்பி. பூட்டிப் போட்டிருக்கிறாங்கள். இல்லாட்டி நான் மாத்தியிருப்பன், வேலை போனாலும்."

"தெரியும் அண்ணை."

"உள்ள போகாதையும்."

உள்ளே போனேன். ஹோலென்ஸ்டைன் மேடையில் நன்றி சொன்னார். நிதி தந்தவர்கள், பியானோக்காரர், சாயத்தைக் கணினியில் திரும்பத் தந்த இரண்டு பேர். 'இன்று நம்மோடு இல்லாத ஒரு சகா' என்றார். பெயர் சொல்லவில்லை. நான் எழுதிக் கேட்டது அதுதான்.

படம் ஓடியது. ஒவ்வொரு துண்டும் எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அடுப்பை மூட்டும் துண்டு நாலாவது நிமிடத்தில் வந்தது. யாருக்கும் அதில் ஒன்றுமில்லை. ஒரு பெண் விறகு வைக்கிறாள், அவ்வளவு. கடைசியில் தீ. பியானோ உறுமியது. எழுந்து நின்று கை தட்டினார்கள்.

வைனும் சீஸும் வைத்த மேசையைத் தாண்டி வெளியே வந்தேன். ட்ராம் நிறுத்தத்தில் ஒரு பெண் நின்றாள். அறுபது வயது இருக்கும். நிகழ்ச்சி நிரலைச் சுருட்டிக் குப்பைத் தொட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். அது உள்ளே போகவில்லை. கையால் குத்தினாள்.

"நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள்," என்றாள் பாசல் ஜெர்மனில். "உங்களுக்கு விளங்கியதா?"

"ஏன்?"

"அந்த மனிதன் செத்துப்போனான். பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். பிறகு வந்து சூப் குடிக்கிறான். பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டால் அதுதான் கலை என்கிறார். என் புருசன் செத்து மூன்று வருடம். அவர் சூப் குடிக்க வரவில்லை. என்னை என்ன மடைச்சி என்றா நினைக்கிறார்கள்?"

"வரிசை பிழை," என்றேன்.

"யார் சொன்னது?"

"என் மனைவி. யாதவி."

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். ட்ராம் வந்தது. கதவு திறந்தது. அவள் ஏறவில்லை.

"அப்படியென்றால் முதலில் எது?"

சொல்லத் தொடங்கினேன். சூப் குடிக்கும் துண்டு கலியாணத்துக்கு அடுத்த நாள் என்றேன். அதற்குப் பிறகுதான் விடியல், மா பிசைவது. அவள் குறுக்கே குறுக்கே கேட்டாள். அந்தக் கிழவன் யார், கதவைப் பூட்டியது யார், அவள் ஏன் பின்னால் ஓடவில்லை. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. என் குரல் பெரிதாகிவிட்டது என்று நினைக்கிறேன். நிறுத்தத்தில் நின்ற மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தியேட்டரிலிருந்து வந்த இரண்டு பேர் கிட்ட வந்து நின்றார்கள்.

"மெதுவாகச் சொல்," என்றாள் அந்தப் பெண். "தீ வரைக்கும் வந்துவிட்டோம். பிறகு?"