எட்டு டேப், ஒன்பது

தேசியப் பல்நோக்கு விளையாட்டரங்கத்துக்கு ஐம்பது வயதானபோது, அதற்கு ஒரு வரலாறு வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஞானோதயம் வந்தது. அதுவரை அப்படி ஒன்று இருக்கும் என்றே யாரும் நினைக்கவில்லை. முகப்புப் பலகையே இன்னும் சரியாகவில்லை. முதன்முதலில் பெயர் எழுத வந்த ஓவியர் 'பல்' என்று எழுதி, மூச்சு வாங்கி, ஏணியை நகர்த்திப் போட்டு, ஒரு முழம் தள்ளி 'நோக்கு' என்று எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதன் பலனாக வருடத்துக்கு நாலு பேராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கவுண்டர் முன்னால் வந்து நிற்பார்கள். கவுண்டர்காரரும் சலிக்காமல் அடுத்த தெருப் பல் டாக்டருக்கு வழி சொல்லி அனுப்புவார்.

நோக்கம் பல என்பதில் மட்டும் பொய் இல்லை. கால்பந்து, ஹாக்கி, ஓட்டப்பந்தயம் எல்லாம் நடந்தன. அவை நடக்காத நாட்களில் சர்க்கஸ் நடந்தது, பொருட்காட்சி நடந்தது, தலைவர்கள் வந்து தொண்டை கிழியப் பேசினார்கள். ஒரு வருடம் மூவாயிரம் பேர் அங்கே உட்கார்ந்து குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதினார்கள். கோல் கம்பத்துக்கு நேரே உட்கார்ந்தவர்கள் யாரும் தேறவில்லை என்று ஒரு வதந்தி உண்டு. வெள்ளம் வந்த வருடம் நானூறு குடும்பங்கள் மேற்குப் படிக்கட்டில் குடியிருந்தன.

வந்தவர்கள் எல்லோரும் போகும்போது தரையில் இருந்த கோடுகளையும் மிதித்து அழித்துவிட்டுத்தான் போவார்கள். மறுபடி அளந்து, முளையடித்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவது ஒரே ஒருவருடைய வேலை. அரங்கத்தில் அவருக்குப் பெயர் சுண்ணாம்பு. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். முப்பத்தைந்து வருட சர்வீஸ், அடுத்த மாதம் ஓய்வு.

பொன்விழா மலரில் அவருக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினார்கள். தலைப்புகூட முடிவாகிவிட்டது: 'கோணாத கோடு.' விஷயம் காதில் விழுந்த நாளிலிருந்து சுண்ணாம்பு தரையில் நடக்கவில்லை. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் மலர் எப்போது வருகிறது என்று, கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

மலரை எழுத வந்தவர் ஒரு விளையாட்டு நிருபர். சின்ன வயதுப் பெண், அதிகம் பேச மாட்டாள், ஆனால் தேதி இல்லாமல் ஒரு வரி எழுத மாட்டாள். கிழக்குப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த சாமான் அறையில், சுண்ணாம்பு மூட்டைகளுக்கும் தடைதாண்டும் சட்டங்களுக்கும் நடுவில், ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். அந்த அறையின் கூரை படிக்கட்டோடு சேர்ந்து சரிந்து வரும். வந்த வேகத்தில் அவளும் ஒருமுறை தலையை இடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஒண்ணு சொல்லுங்க சார்" என்றாள்.

ஒன்றா? அவருக்கு வாய் ஊறியது. எந்தக் கூட்டத்திலும் எடுபடுகிற டேப் கதையை எடுத்துவிட்டார்.

"எங்ககிட்ட ஒரு பழைய டேப் இருந்துச்சும்மா. ஐம்பது மீட்டர் டேப். ஆனா முதல் ஒரு மீட்டர் கிடையாது. புல்லு வெட்டுற மெஷின் தின்னுடுச்சு. புதுசு வேணும்னு எழுதி எழுதிக் கை வலிச்சதுதான் மிச்சம். அதனால நாங்க ஒண்ணுலேருந்து பிடிப்போம். முழு டேப் இழுத்தா நாற்பத்தொன்பது மீட்டர்."

"அப்போ ஓட்டப்பாதைக்கு?"

"எட்டு டேப், ஒன்பது. எட்டு தடவ முழு டேப் போட்டா முந்நூத்தித் தொண்ணூத்திரண்டு. மிச்சம் எட்டு மீட்டர், டேப்ல ஒன்பதுன்னு காட்டும். சரியா நானூறு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கால்பந்துக்கு ரெண்டு டேப், எட்டு. அது நூத்தி அஞ்சு."

"சரி."

"மூணு வருஷம் கழிச்சு ஒருவழியா புது டேப் வந்துச்சு. முழு டேப். நான் பழக்க தோஷத்துல அதே ரெண்டு டேப், எட்டுன்னு மைதானத்தைப் போட்டுட்டேன். மூணு மீட்டர் கூடிப் போச்சு. பாவம் அந்த கோல்கீப்பர், எதிர் கோல் தூரமாத் தெரியுதுன்னு தொண்டத் தண்ணி வத்தக் கத்தினான். எல்லாரும் அவனக் கண் டாக்டர்கிட்ட போகச் சொன்னாங்க. மறுநாள் டேப்பைச் சுத்தி வைக்கும்போதுதான் பாக்கறேன், முனையில சைபர் இருக்கு."

நிருபர் சிரித்தாள். சிரித்து முடித்ததும் பேனாவைத் திறந்தாள். "எந்தத் தேதி சார் அது?"

தேதிக்கா பஞ்சம்? சுண்ணாம்பு இரும்பு அலமாரியைத் திறந்து, முப்பத்தோரு வருடத்துக்கு முந்தைய மைதானக் குறிப்பேட்டை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். எந்த நாளில் எந்தக் கோடு போட்டார் என்று ஒரு நாள் விடாமல் அதில் எழுதி வைத்திருந்தார். அவள் விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே வந்தாள். பதினான்காம் தேதி, கால்பந்து, ரெண்டு டேப், எட்டு. இருந்தது. மூன்றாம் தேதி, புது டேப் வந்து சேர்ந்தது. அதுவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அவள் விரல் நின்றது.

"எட்டாம் தேதி" என்று படித்தாள். "சர்க்கஸ் காலி செய்தது. பெண்கள் நானூறு மீட்டர் தேர்வு ஓட்டத்துக்குப் பாதை புதிதாகப் போடப்பட்டது. எட்டு டேப், ஒன்பது."

சுண்ணாம்பு குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். அவருடைய கையெழுத்துதான். அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. புது டேப்பில் எட்டு முறை ஐம்பது, அதோடு ஒன்பது. நானூற்றி ஒன்பது மீட்டர். டேப் அந்த ஓட்டத்துக்கு அப்புறம் வந்தது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அதுல யார் ஓடினாங்க சார்?"

"என் வீட்டுக்காரி" என்றார்.

அந்த ஓட்டம் ஊருக்கே தெரிந்த கதை. அவள்தான் முதலில் வந்தாள், இரண்டாவதாக வந்தவள் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்ப ஒரு தகுதி நேரம் வைத்திருந்தார்கள். அதற்கு அரை நொடி பிந்திவிட்டாள். அன்றைக்கு எல்லோருமே மெதுவாகத்தான் ஓடினார்கள். சர்க்கஸ்காரர்கள் கொட்டிய மரத்தூள் தரையை இளக்கிவிட்டது என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். யாரையும் அனுப்பவில்லை. அவள் அதோடு ஓடுவதை விட்டாள். கீழ்ப்படியில் உட்கார்ந்து அழுதவளுக்குச் சுண்ணாம்புக் கையோடு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த இளைஞர், மறு வருடம் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குப் பெயர் 'அரை நொடி.' 'அது மட்டும் பிந்தாம இருந்தா இவ எனக்கு எங்கே கிடைச்சிருப்பா' என்று விருந்தாளிகளிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

நிருபர் செல்போனில் கணக்குப் போட்டாள். "ஒன்பது மீட்டருக்கு அவங்க வேகத்துல ஒரு நொடிக்கு மேல ஆகும் சார். அவங்க பிந்தல. அரை நொடிக்கு மேலயே முந்தியிருக்காங்க."

சுண்ணாம்பு குறிப்பேட்டை மூடினார்.

"இத நான் எழுதியே ஆகணும்னு இல்ல" என்றாள் அவள், கொஞ்சம் யோசித்து. "இப்போ யாராலயும் மாத்தவும் முடியாது. எழுதினா உங்க பக்கம் வேற மாதிரி ஆயிடும். நாளைக்கு அச்சுக்குப் போகுது. சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க."

அரங்கத்துக்குப் பின்னால் இருந்த ஊழியர் குடியிருப்புக்கு நடந்து ஐந்து நிமிடம். அன்று அவருக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. தெரிந்தால் அவள் என் முகத்தில் விழிப்பாளா என்று இன்னொரு மனம் கேட்டது. இரண்டும் பயத்தில்தான் பேசின. வாழ்க்கையில் அவர் இவ்வளவு பயந்ததில்லை.

அவள் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. வாசல் அறையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் பனியன்களில் துணி எண்களை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இவர் உள்ளே போனார், வெளியே வந்தார். குடத்தில் தண்ணீர் பிடித்தார். யாரும் கேட்காமலே மின்விசிறியைத் துடைத்தார். மதியச் சாப்பாடு பிரமாதம் என்றார்.

தையல் மெஷின் நின்றது. "மத்தியானம் நீங்க வீட்டுக்கே வரல. என்ன தப்பு பண்ணிட்டு வந்திருக்கீங்க?"

அவர் மென்று விழுங்கி, முன்னும் பின்னும் போய், ஒருவழியாகச் சொல்லி முடித்தார். டேப்பைச் சொன்னார், தேதியைச் சொன்னார். நிருபர் போட்ட கணக்கையும் சொன்னார்.

அவள் சத்தம் போடவில்லை. "எவ்வளவு?" என்றாள்.

"ஒன்பது மீட்டர்."

அவள் எழுந்து, செருப்புப் போடாமல், தெருவில் இறங்கினாள். தங்கள் வாசற்படியிலிருந்து எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும், மீட்டருக்கு ஒன்றாக, எட்டி எட்டி ஒன்பது அடி வைத்து எண்ணினாள். எதிர்வீட்டு அம்மா ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தாள். இவள் அந்தச் சுவரில் கையை வைத்து, திரும்பி, தன் வீட்டு வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றாள். பிறகு வந்து படியில் உட்கார்ந்தாள்.

"இவ்ளோவா" என்றாள்.

"என்னை மன்னிச்சுடு. நான் வேணும்னு..."

"இருங்க. நான் பேசிக்கறேன்." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "கடைசி வளைவு தாண்டினா எத்தனை எட்டு வெச்சாக் கோடு வரும்னு எனக்குத் தெரியும். தினம் ஓடின ஆளு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அத்தனையும் வெச்சாச்சு. கோடு வரல. இன்னும் ஓடறேன், அப்பவும் வரல. கோச் சொன்னாரு, கடைசியில மனசு விட்டுட்டேன்னு. எங்கப்பாவும் அதையேதான் சொன்னாரு. எல்லாரும் சொன்னா நானும் அப்படித்தானேங்க நெனைப்பேன்?"

அவர் படியோரம் வந்து நின்றார்.

"தலைமை ஆசிரியை வேலைக்கு எழுதச் சொன்னாங்க. ரெண்டு தடவ. நான் எழுதல. ஏன்னு நீங்க கேட்டீங்க, வீட்டு வேலை இருக்குன்னு சொன்னேன். அது இல்லங்க. நான் கடைசியில விட்டுடுற ஆளு, எதுக்கு வீண் ஆசைன்னு விட்டேன்."

அவர் அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது தனக்குத் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது. டேப்பைவிட இதுதான் அதிகம் வலித்தது. விருந்தாளிகள் முன்னால் அவள் சிரித்த சிரிப்பெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க" என்றாள் அவள்.

"எழுத வேணாம்னு சொல்லவா?"

"நல்லாச் சொன்னீங்க போங்க. எழுதச் சொல்லுங்க. உங்க பக்கத்துலயே எழுதட்டும். யார் அளந்தது, எப்படிக் கூடிச்சு, அதெல்லாம் நீங்களே சொல்லிடுங்க, எனக்கு அது அப்புறம்தான். நான் நானூத்தி ஒன்பது மீட்டரும் விடாம ஓடினேன்னு ஒரு வரி வரணும். அதுக்குக் கீழ தேதி போடணும்."

அவர் போன் போட்டார். நிருபர் எடுத்ததும், நடந்ததை ஒன்றுவிடாமல், தன் பெயரையும் சேர்த்து, முதலிலிருந்து சொன்னார். மனைவி சொன்ன வரியை அவள் சொன்னபடியே சொன்னார். தலைப்பை மாற்றட்டுமா என்று அந்தப் பக்கம் கேட்டது. மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் அதே படியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மேல கோபம் இல்லையா?" என்று மெல்லக் கேட்டார்.

"இருக்கு. நிறைய இருக்கு. நாளைக்குக் காலையிலேருந்து ஆரம்பிக்கறேன், எப்போ முடியும்னு எனக்கே தெரியாது" என்றாள் அவள். "இன்னைக்கு மட்டும் என்னைச் சும்மா விடுங்க. இன்னைக்குத்தான் ஜெயிச்சிருக்கேன்."