இரண்டாவது கோப்பையின் மேகம்

என் மனைவி கோபித்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போன பிறகு, எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு மேகம் உண்டாயிற்று. தெருவில் எனக்குக் கப்சா என்று பெயர். ஆகவே நீங்கள் நம்ப வேண்டியதில்லை. கீழ்வீட்டுத் தையற்காரரும் நம்பவில்லை, தன் தலை நனையும் வரை.

சண்டை பெரிதல்ல. “நான் இல்லன்னா இந்த வீடு குப்பைமேடா ஆயிடும்” என்றாள். “போய்த்தான் பாரேன்” என்றேன். வாய்க்கொழுப்பு. போய்விட்டாள்.

அன்றிலிருந்து நான் துடைத்த துடைப்பில் தரை தேய்ந்து, தையற்காரரின் வழுக்கை மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது.

வாய் எவ்வளவு சவடால் அடித்தாலும் கைக்கு விவரம் பத்தவில்லை. காலையில் அது பாட்டுக்கு இரண்டு கோப்பை தேநீர் போட்டுவிடும். என்னுடையதை நான் குடிப்பேன். அவளுடையது அவள் நாற்காலிக்கு முன்னால் சும்மா ஆறும். தூசி வருமென்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தேன். போக்கிடமில்லாத ஆவி மேலே போய்க் குளிர்ந்து, கூடிக்கூடி, முதலில் கைக்குட்டை, பிறகு தலையணை, கடைசியில் எருமைக்கன்று அளவுக்கு மேகமாக நின்றது. அதுவும் அவள் நாற்காலிக்கு நேர் மேலே.

முதலில் பேச்சுத்துணைக்கு ஆயிற்று. நான் சொன்ன எந்தக் கதையையும் அது மறுக்கவில்லை. அதுதான் குறை. “போதும், அளக்காதீங்க” என்று சொல்ல ஆளில்லாத கதை, சொன்ன இடத்திலேயே விழுந்து கிடந்தது.

நாளாக ஆக மேகம் கறுத்தது. பொழியவும் மாட்டாமல், கலையவும் மாட்டாமல், உம்மென்று தொங்கியது. பார்க்கப் பாவமாக இருந்தது. குளிர்பதனக் கிடங்கில் காலம் தள்ளியவன் நான். இந்த வியாதி தெரியும். மேகத்தின் ஒவ்வொரு துளியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளைப் பிடித்துக்கொண்டுதான் பிறக்கும். என் வீட்டில் மிச்சமிருந்தது அடுப்புப் புகையின் பொடித் துகள் மட்டுமே. அதனால் துளிகளும் ஒரே பொடிசு. ஒன்றையொன்று இடிக்காமல், பக்கத்து வீட்டாரைப் போல விலகி விலகி மிதந்தன. நல்ல முரட்டுத் தூசி ஒன்று கிடைத்தால் அதன்மேல் ஒரு குண்டுத் துளி உருவாகும். அது இறங்குகிற வழியில் இருப்பவற்றையெல்லாம் முட்டிச் சேர்த்துக்கொண்டு, கனத்து விழும். அதுதான் மழை. தனித்தனியாக இருக்கும் வரை ஒன்றும் விழாது.

தூசிக்கு எங்கே போவேன்? கம்பளியை உதறினேன், சோப்பு மணம்தான் வந்தது. தையற்காரரிடம் போய் ஒரு கிண்ணம் தூசி இரவல் கேட்டேன்.

“ஐயா, காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டீங்களா?” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

தினமும் சாயங்காலம் அவள் போன் செய்வாள். அடுப்பை அணைத்தேனா என்று மட்டும் கேட்பாள். நான் “ம்” என்பேன். ‘திரும்பி வந்துடு’ என்பது தொண்டை வரை வரும். வந்து, அங்கேயே நின்றுவிடும்.

அன்றும் கேட்டாள். “அடுப்பை அணைச்சீங்களா?”

“ம். நம்ம வீட்ல தூசி எங்க கிடைக்கும்?”

“ஏங்க, உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

“மேசைக்கு மேல மேகம் நிக்குது. பெய்யறதுக்குத் தூசி வேணும்.”

“ஆரம்பிச்சாச்சா? தங்கச்சி பக்கத்துல உக்காந்திருக்கா, மானத்தை வாங்காதீங்க.”

“நெசமாத்தான். வீடு பூரா துடைச்சுட்டேன். நீ வச்சிருந்ததைவிடச் சுத்தம்.”

அந்தக் கடைசி வாக்கியம் தேவையில்லாதது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

“பீரோ மேல பாத்தீங்களா?” என்றாள்.

“பீரோ மேலயா?”

“கல்யாணமான நாள்லேர்ந்து நான் அங்க துடைச்சதே இல்ல. எனக்கு எட்டாது. உங்களைக் கூப்பிட்டா துடைக்க மாட்டீங்க, கதை சொல்வீங்க. விட்டுட்டேன்.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மூலையில் இருந்த பீரோ பக்கம் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினேன். ஒரு தாம்பத்தியத்தின் தூசி மொத்தமும் அங்கே மெத்தை போட்டிருந்தது. மூச்சை நன்றாக இழுத்து ஊதினேன்.

மேகம் ஒரு தும்மல் போட்டது. முதல் துளி கோலிக்குண்டு அளவு. அவள் கோப்பைக்குள் ‘டொக்’கென்று விழுந்தது. அதன் பின்னால் மற்றவையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு, நான் நின்ற பீரோ மூலை வரை கொட்டின.

“ஏங்க, அது என்ன சத்தம்?”

“மழை.”

“இங்க வானம் வெளுத்துக் கிடக்கு.”

“இங்க பெய்யுது.”

கீழேயிருந்து தையற்காரர், “ஐயா! ஒழுகுது, என் தலையெல்லாம் தண்ணி!” என்று கத்தினார். அவருக்குப் பொய் வராது என்பது அவளுக்குத் தெரியும்.

நான் நாற்காலிமேலேயே நனைந்துகொண்டு நின்றேன். தொண்டையில் இத்தனை நாள் நின்றது மெல்ல நகர்ந்தது.

“வரும்போது குடை எடுத்துட்டு வா” என்றேன்.



“நாற்காலியிலேர்ந்து பாத்து இறங்குங்க, வழுக்கும்” என்றாள். “காலைல எனக்கும் சேத்து டீ போட்டு வைங்க.”

அது தினமும் போடுவதுதான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கப்சா என்பாள்.